கேற் திறந்த பிறகு போடும் இறைச்சி

அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் என்னைக் கீரிமலைத் தீர்த்தக் கேணிக்குக் கொண்டுபோய் முழுக வைத்திருப்பார். யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை, வெள்ளவத்தையில் வாடகை அனெக்ஸில் மாட்டிறைச்சி பொரிக்கிறாள்! பழக்கியவர் என் கணவர். அவரைப் பழக்கியவர்கள் கொழும்புக் கோட்டையில் அவரோடு கந்தோரில் வேலை செய்யும் நண்பர்கள். எனக்குச் செய்முறை சொல்லித் தந்தவர் மேல்வீட்டு முஸ்லிம் அக்கா. மெல்லிசாக வெட்டி, மிளகும் உப்பும் உள்ளிப்பூடும் பிரட்டி வைக்க வேண்டும். இரும்புத் தாச்சி புகைந்ததும் போட்டு, ஒருதரம் பிரட்டி, உடனே இறக்கிவிட வேண்டும்.

“புள்ள, மாப்புள கேற்றத் தொறக்குற சத்தம் கேட்டப் பொறகுதான் எறச்சியப் போடணும். முந்திப் போட்டா செருப்புத் தோல்தான்” என்பார்.

யுத்த காலத்துக் கொழும்பில் இதைவிடப் பொல்லாத சமையல் கிடையாது. குழம்பென்றால் வைத்து மூடிவிடலாம், ஆள் வரும்போது சூடாக்கலாம். இதற்கு ஆள் வந்தே ஆகவேண்டும்.

அன்று இறைச்சியைப் பிரட்டி வைத்துக் கொஞ்ச நேரத்தில் யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கோட்டைப் பக்கம் குண்டு என்று ரேடியோ சொன்னது. அவருடைய கந்தோருக்குப் போன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் செத்துவிட்டது.

நான் குசினிக்கும் கேற்றுக்கும் நடந்தேன். ஏதாவது சத்தம் கேட்டால் ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைப்பேன். வந்தது வீட்டுக்காரரின் நாயாக இருக்கும். அணைப்பேன். காஸ் வீணாகிறதே என்று எரிச்சல் வந்தது. இந்த மனிசனுக்கு ஒரு ஆளிடமாவது சொல்லிவிடத் தெரியாதா என்று வாய்விட்டே ஏசினேன். ஏசிக்கொண்டிருக்கும்வரை அவர் உயிரோடு இருப்பார் என்று எனக்கொரு நினைப்பு.

மேல்வீட்டு அக்கா இறங்கி வந்தார். “இரி புள்ள” என்றார். எங்கே இருப்பது?

பொழுதுபடும் நேரம் கேற் கிறீச்சிட்டது. அவருடைய செருமல் கேட்டது. எந்தப் பெண்ணும் வாசலுக்கு ஓடியிருப்பாள். நான் குசினிக்கு ஓடினேன். வந்துவிட்டார், இனி எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும். அடுப்பைப் பற்றவைத்து, தாச்சி காய்ந்ததும் இறைச்சி முழுவதையும் அதில் கொட்டினேன். சீறிக்கொண்டு புகை எழும்பியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அவர் குசினி வாசலில் நின்றார். காலில் சப்பாத்து இல்லை. சேர்ட்டில் கரியும் இரத்தமும் காய்ந்திருந்தன.

“நிப்பாட்டும்.”

“ரெண்டே நிமிசம், முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ.”

“அதை நிப்பாட்டும்!” மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். கழிவுநீர்க் கானுக்குள் ஓங்காளித்துச் சத்தி எடுக்கும் சத்தம் கேட்டது. எனக்கு முன்னமே அக்காவுக்கு விளங்கிவிட்டது. அடுப்பை அணைத்து, தாச்சியை மூடி, தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

கேற்றடியில் குந்தியிருந்து அவர் சொன்னார்: “எரிஞ்ச ஆக்களை ஆஸ்பத்திரி வானில ஏத்தினனாங்கள். இதே மணம்.”

நாள் முழுக்க அந்த மனிசனைத் தொட்டுப் பார்க்கத் தவித்திருந்தேன். கிட்டப் போனேன், அவர் தள்ளிப்போய் இருந்தார். மணம் என்மேலும் இருந்தது. உள்ளே போய்த் தலையோடு தோய்ந்தேன். சோப்புப் போட்டு, தேசிக்காய்ப் புளியால் கையை உரஞ்சி உரஞ்சிக் கழுவி, ஈரத்தலையோடு வந்து கையை நீட்டினேன்.

“இப்ப சரியோ?”

மணந்து பார்த்தார். “இன்னும் கொஞ்சம் கிடக்கு” என்றார். ஆனால் கையை விடவில்லை.