கலாதேவியின் கன்னத்துத் தோல்

"தாப்பால ஏறுனா தஞ்சோங் மாலிம்லதான் என் பஸ் நிக்கும். நடுவுல எவளுக்கு ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கிக்கணும். நான் அடக்கல?"

மலேசியாவின் தாப்பா ஊரிலிருந்து தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் பஸ்ஸின் ஓட்டுநர் கலாதேவி விடுத்த இந்தப் பிரகடனத்தைப் பல ஆண்டுகளாக எவரும் மீறியதில்லை. பயந்துபோய்க் காலைக் காப்பியைத் துறந்தவர்களும் உண்டு.

உண்மையில் அவர் அடக்கவில்லை, அவருக்கு வரவில்லை. முக்கினால் நூல்போல ஒழுகும், மிச்சம் உள்ளேயே தங்கும், பிறகு எரிச்சலும் காய்ச்சலும். "சூடுலா அக்கா, பார்லி குடிங்க" என்று பின்சீட்டு மருத்துவ மன்றம் தீர்ப்பளித்தது. அவரும் பார்லியைப் பானை பானையாகக் குடித்தார். ஒருநாள் ஒரு சொட்டும் இறங்காமல், வயிறு கல்லாகி, ஈப்போ மருத்துவமனைக்குத் தூக்கிப்போனார்கள்.

மூத்திரக் குழாய் சுருங்கியிருந்தது. கம்பி விட்டு விரித்தார்கள். சில மாதங்களில் மறுபடி சுருங்கியது. மறுபடி விரித்தார்கள். அதற்கும் அதே கதி.

"சும்மாச்சும்மா மெடிக்கல் லீவுன்னா நான் வேற டிரைவர் பாக்கணும்லாக்கா. இன்னொரு தடவை லீவு தரேன், அதான் கடைசி" என்றார் பஸ் முதலாளி தர்மா. ஸ்டியரிங்கைப் பறிகொடுத்த கலாதேவியைக் கலாதேவியாலேயே கற்பனை செய்ய முடியவில்லை.

டாக்டரம்மா விளக்கினார்: "விரிச்சுக்கிட்டே இருக்கலாம், சுருங்கிக்கிட்டே இருக்கும். ஆப்பரேசன் பண்ணா ரொம்ப நாள் தாங்கும். சில பேருக்குப் பிறப்புறுப்புச் சுவர்லருந்து தோலைத் திருப்பி வச்சுத் தைப்போம். உங்களுக்கு அந்த இடம் தழும்பா இருக்கு. அதனால கன்னத்துக்கு உள்பக்கத் தோலை எடுத்து வச்சு அகலப்படுத்தலாம்."

"கன்னம் எதுக்கு டாக்டர்?"

"எப்பவும் ஈரத்துல இருந்து பழகின தோல். நல்லா ஒட்டிக்கும். ஆனா கொஞ்சப் பேருக்கு ஒழுகலாம், திரும்பச் சுருங்கவும் செய்யலாம்."

வேறொருவராக இருந்தால் இதைத் தலையணையிடம்கூடச் சொல்லமாட்டார். கலாதேவி மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி நின்று, பதவியேற்பு உரைபோல அறிவித்தார்.

"அக்கா வாய்லருந்து எடுக்கிறதா?" என்றாள் துளசி. "அப்ப இனிமே நிக்கவே நிக்காது!"

பஸ்ஸே குலுங்கியது.

"சிரிங்கடி. உங்க எவ கன்னத்துக்காச்சும் இந்த உத்தியோக உயர்வு கிடைக்குமா?"

அறுவை முடிந்தது. ஒரு கன்னம் வீங்க, கஞ்சியை மறுபக்கமாகவே உறிஞ்சி, இடுப்பில் மூத்திரப் பையுடன் வீட்டுக்குள் கம்பீரமாக உலாவினார். சில வாரங்கள் கழித்து மருத்துவமனையில், மூத்திரம் வடியப் பொருத்தியிருந்த குழாயை எடுத்துவிட்டு டாக்டரம்மா அவரைக் கழிவறைக்கு அனுப்பினார். இனி இன்னொரு லீவு தர்மாவிடம் கிடைக்காது என்பது கலாதேவிக்குத் தெரியும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு முழக்கம்:

"டாக்டர், கேக்குதா? பைப்பு திறந்த மாதிரி!"

வார்டு முழுவதற்கும் கேட்டது.

அடுத்த வாரம் பஸ் மீண்டும் அவர் கையில். சுங்காய் ஊரைத் தாண்டிப் பாதி வழியில், சிலிம் ரிவர் ஊரை நெருங்கும்போது இடப்பக்க சிக்னல் மினுங்கியது. பஸ் ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைந்து நின்றது.

"என்னக்கா, டயர் பஞ்சரா?" என்றாள் முன்சீட்டு சரளா.

 கலாதேவி எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு, கழிவறையை நோக்கி நிமிர்ந்து நடந்தார்.