அரை மாத்திரை விலை

சுனாமி வந்துபோய் மூன்று நான்கு வருடம் இருக்கும். என் கடைக்குப் பெயர்ப்பலகை செய்யச் சொல்ல, கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போயிருந்தேன். மரத்தில் எழுத்து செதுக்கி வண்ணம் தீட்டும் ஆசாரியின் பட்டறையில்தான் அந்தத் தமிழ் வாத்தியாரைப் பார்த்தேன். வெளுத்த கதர்ச்சட்டை, ஒட்ட வெட்டிய நரைமுடி. சுவரில் சாய்த்திருந்த பலகைகளைப் படித்து, விட்டுப்போன ஒற்றெழுத்துகளை விரலால் காற்றில் எழுதிக்கொண்டிருந்தார்.

மடியில் அவர் வீட்டுப் பலகை. ‘தென்றல் இல்லம்’ என்றிருந்தது. தென்றல் அவருடைய ஒரே மகள். போன மாதம் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாளாம். அந்தப் பெயரை மட்டும் எடுக்க வேண்டும் என்றார்.

“பெயிண்ட் அடிச்சா குழி தெரியும் சார். மரத்தயே சீவணும். எழுத்துக்கு நூறு ரூபா. நாலு எழுத்துக்கு நானூறு ஆவும்,” என்றார் ஆசாரி.

“நாலு ஏது? ன், ல் ரெண்டும் மெய்யெழுத்து. ஆளுக்கு அரை மாத்திரைதான், ரெண்டும் சேந்து ஒண்ணு. முந்நூறு போடு.”

ஆசாரி உளியைக் கீழே வைத்தார். “பாப்பா பேரு சார் இது. பக்கத்துலயே நின்னு செய்ய வச்சீங்களே.”

“முந்நூறுக்கு முடியுமா, முடியாதா?”

“முடியும் சார். வேற பேரு போடவா?”

“வேணாம். வெறும் இல்லமா இருக்கட்டும்.”

ஆசாரி பலகையை வாங்கிக்கொண்டார். உளி முதல் எழுத்தில் இறங்கியது. வாத்தியார் என் பக்கம் திரும்பினார். “இலக்கணம் சோறு போடுமான்னு கேக்கறாங்க. பாத்தீங்களா, நூறு ரூபா மிச்சம்!” நல்ல மதிப்பெண் வாங்கிய பையனைப் போல முகம் மலர்ந்திருந்தது.

நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆசாரி மட்டும் தலை நிமிரவே இல்லை.