ஊதாவும் ஒரு சிவப்புப் பொட்டும்

வில்லாபுரத்தில் பழைய கியர் சைக்கிளுக்கு வயசு பார்க்கணும் என்றால் பாண்டிச்செல்வியிடம்தான் போவார்கள். வாய் பொல்லாதவள், கண் அதைவிடப் பொல்லாதது. போன ஞாயிற்றுக்கிழமை, காலேஜில் கூடப் படித்த ஆல்பின் ஒரு கறுப்பு மவுண்டன் பைக்கைத் தள்ளிக்கொண்டு, சைக்கிள் கிளப் ஆட்கள் சூழ அவள் கடைக்கு வந்தான்.

"ஒரிஜினல் பெயிண்ட். எங்கப்பா வாங்கித் தந்தது. எந்தக் காலத்து வண்டின்னு மட்டும் சொல்லு செல்வி."

கட்டைவிரலால் தள்ளும் கியர் லீவரைப் பார்த்ததுமே, "தொண்ணூறுகள்ல வந்தது" என்றாள். பிறகு ஒரிஜினல் பெயிண்ட்தானா என்று பார்க்க வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் உப்புத்தாளால் தேய்த்தாள். கறுப்பு உதிர, மினுமினுக்கும் ஊதா எட்டிப் பார்த்தது. அதன் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. ஆயுத பூஜைக்கு வைக்கிற குங்குமம் அழிந்துபோகிறதே என்று, அந்தக் காலத்தில் அவளே நெயில் பாலிஷால் வைத்த பொட்டு.

அவளுடைய அந்த ஊதா சைக்கிள் காலேஜ் ஸ்டாண்டில் காணாமல் போனபோது, "இவ பூட்டாமப் போனத நான் பாத்தேன்" என்று அவள் அப்பாவிடம் சாட்சி சொன்னவன் இதே ஆல்பின். "பொறுப்பில்லாத கழுதைக்குப் படிப்பு எதுக்கு?" என்று அப்பா அத்தோடு அவள் காலேஜை நிறுத்தினார்.

ஆல்பினுக்கு முகம் செத்துப்போனது. "செல்வி, அது வந்து..."

அவள் சைக்கிளைக் கடைத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினாள்.

"நல்லாப் பாத்துக்க ஆல்பின், பூட்டிட்டேன். இதையும் போய் எங்கப்பாகிட்ட சாட்சி சொல்லு."