டிராக்டரில் ஏறிப்போன ஸ்போர்ட்ஸ் கார்

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். துபாயிலிருந்து திரும்பிய அண்ணன் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரில், எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைச் செலுத்தும் சூப்பர்சார்ஜரை உரிய அனுமதியோடு பொருத்தினோம். "புகைப் பரிசோதனையில தேறலைன்னா வண்டியை வித்துடணும்" என்றார் அப்பா.

பெல்ட், சென்சார், எரிபொருள் அளவு எல்லாவற்றையும் சரிபார்த்தேன். அறுவடை நேரம் என்பதால் எங்கள் ஊர்ச் சாலை முழுக்க, வயலிலிருந்து ஏறும் வண்டிகள் இழுத்துவிட்ட சேறு. தாழ்வான காருக்கு அடிபடுமென்று டிராக்டர் டிரெய்லரில் ஏற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம்.

"என்னங்க, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று சிரித்தார் பரிசோதிப்பவர். புகை அளவு எகிறியது, கார் தேறவில்லை. அண்ணன் முகம் வாடிவிட்டது.

குனிந்து புகைக்குழாயருகே கையை நீட்டினேன். லேசான வெதுவெதுப்புதான். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். நாங்களோ காரை அசையாமல் உட்காரவைத்துக் கூட்டிவந்திருக்கிறோம்!

"அண்ணா, ஏறு!" புறவழிச்சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு நேராகப் பரிசோதனைக்கு வந்தோம். தேறிவிட்டது! அண்ணன் அங்கேயே விசிலடித்தான். போனில் சொன்னதும் அப்பா, "சரி சரி, முதல்ல என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க" என்றார்.

இப்போதும் அறுவடைக் காலத்தில் பரிசோதனை வந்தால் டிராக்டர்தான் துணை. ஆனால் சேற்றைத் தாண்டியதும் காரை இறக்கி, மீதித் தூரம் ஓட்டியே போகிறேன்.