பதினொன்றாவது தாள்

அந்த ஹோட்டலின் கட்டட வரைபடங்களில் பதினொன்றாவது தாள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தகரக் கூரை, ஒன்றோடொன்று ஒட்டிய பத்து அறைகள், முன்னால் நீண்ட வராந்தா. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை அச்சு அசலாக வரைந்து, அறைக்கொரு பெரிய கட்டிலைப் போட்டிருந்தார் மேடம். ஹுன்னஸ்கிரியவுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் தங்குவதற்காம்.

மேடம் யாழ்ப்பாணத்தவர், கண்டியில் அலுவலகம் வைத்திருந்த கட்டடக் கலைஞர். நகரத்தில் மரபான கண்டிச் சாய்வுக் கூரை இல்லாமல் வெறும் கொங்கிறீற்றில் அவர் கட்டிய நூலகத்தைத் தீப்பெட்டி என்று பத்திரிகைகள் திட்டின. அதே நூலகத்துக்குத்தான் விருதும் கிடைத்தது. இரண்டுக்கும் அவர் முகம் மாறவில்லை. அவர் கையால் கீறித் தருவதைக் கணினியில் அளவு பிசகாமல் வரைவது என் வேலை. நான் ஹந்தானை லயத்தில் பிறந்தவள் என்பது அவருக்குத் தெரியும். அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

இரண்டு நாள் அந்தத் தாளை நான் தொடவில்லை. மூன்றாம் நாள் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஏன் இன்னும் கீறேல்லை?"

"நாங்க ஏழு பேரு, மேடம். இந்த மாதிரி ஒரே காம்பராவுலதான் படுத்தோம். அம்மா அதுக்குள்ளதான் சமைச்சாங்க. இத அழகா வரைய என்னால முடியாது."

பழையதைக் காப்பாற்றுவதும் கட்டடக் கலைதான், உமக்கு அது விளங்கவில்லை என்றார். யாருக்காகக் காப்பாற்றுகிறோம் என்று கேட்டேன். விருப்பமில்லையென்றால் விலகல் கடிதம் எழுதித் தரச் சொன்னார். அங்கேயே எழுதி, அவர் முன்னால் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை அவரே தொலைபேசியில் அழைத்து, ஹோட்டல் முதலாளியைப் பார்க்கப் போகிறோம், வாரும் என்றார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதலாளி எடுத்த எடுப்பிலேயே லயத்து அறைகளைத்தான் கேட்டார்.

"அந்தத் தாளை நான் எடுத்திட்டன்," என்றார் மேடம்.

அதற்காகத்தான் ஆட்கள் வருவார்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றார் முதலாளி. தாராளமாகப் பாருங்கள் என்று மேடம் எழுந்துவிட்டார். எங்களுக்கு மூன்று வருடத்துக்கு வரவேண்டிய வேலை அது. திரும்பி வரும்போது காரில் ஒன்றே ஒன்று சொன்னார்: "நான் கீறினது பிழை."

வேறொருவர் அந்த ஹோட்டலைக் கட்டினார். லயத்து அறைகளுக்குத்தான் இப்போது கிராக்கி அதிகமாம். மேடம் இறந்தபோது பத்திரிகைகளில் எழுதியவர்கள்கூட, திமிரால் நல்ல வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டவர் என்றுதான் எழுதினார்கள்.

இன்று அவருடைய அலுவலகத்தை நடத்துபவள் நான். போன மாதம் புசல்லாவையிலிருந்து ஒருவர் வந்து, பழைய லயமொன்றை விடுதியாக மாற்றித் தரக் கேட்டார். அங்கே குடியிருக்கும் குடும்பங்கள் எங்கே போகும் என்று விசாரித்தேன். அதை யோசிக்கவில்லை என்றார். முதலில் அவர்களுக்கு வீடு வரைவோம், பிறகு விடுதியைப் பற்றிப் பேசலாம் என்றேன். கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எனக்கும் திமிர் என்று ஊரெல்லாம் சொல்லுவார். சொல்லட்டும்.