எதிர்க்கம்பு

சிலம்பம் பழக வருகிறவர் கையில் குழந்தைவேலு உடனே கம்பைக் கொடுத்துவிட மாட்டார். "எதுக்கு?" என்று கேட்பார். பதிலைப் பொறுத்தே பாடம்.

1963-இல் அவர் அந்தமானில், போர்ட் பிளேர் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம். கல்யாணம் ஆகவில்லை, மரைன் ஹில்லில் ஓர் அறை. ஞாயிறு காலைகளில் டாலிகஞ்ச் மைதானத்தில் கற்றுக்கொடுத்தார். காட்டிலாகா ராஜமாணிக்கத்துக்குப் பாம்பென்றால் பயம். அவருக்குக் காலடி வைப்பதும் தூரம் கணிப்பதும் மட்டும். இரண்டே மாதத்தில் பயம் போயிற்று; ராஜமாணிக்கமும் போய்விட்டார். எல்லோரும் அப்படித்தான். தேவை தீர்ந்ததும் அவரே பாடத்தை நிறுத்திவிடுவதால், அவரோடு முழு ஆட்டம் ஆடுமளவுக்கு யாரும் தங்கியதில்லை. எல்லோரும் கிளம்பியபின் தனியாகக் கம்பு சுற்றுவார்.

நர்ஸ் சுசீலா தன் பக்கத்து வீட்டு இந்திராணியோடு வந்தாள். டியூட்டி முடிந்து வரும் வழியில் ஒருவன் அவள் கையைப் பிடித்து இழுத்திருந்தான்.

"ரோட்டுல கம்போடவா போவீங்க? உங்களுக்குக் குடை போதும்" என்றார். அவள் மணிக்கட்டை இந்திராணியைப் பிடிக்கச் சொல்லி, தான் தள்ளி நின்றபடியே, திருகி விடுபடும் விதத்தைக் காட்டினார். "ஜெயிக்கணும்னு நிக்காதீங்க. கை விடுபட்டதும் பாகோ, ஓடிடணும்."

நான்கே வாரத்தில், "அச்சா, போதும்" என்று அனுப்பிவிட்டார்.

மழை தொடங்கியபின் ஒருநாள் அவள் மறுபடி வந்தாள்.

"அவன் திரும்பவும் பிடிச்சான் அண்ணே. குடையால ஒண்ணு போட்டுட்டு ஓடிட்டேன். இப்ப அந்தப் பக்கமே அவனைக் காணோம்." சற்று நின்று கேட்டாள்: "நீங்க யாரோட ஆடுவீங்க?"

"ஆள் இல்லம்மா."

"நான் கத்துக்கவா?"

"எதுக்கு?"

"உங்களுக்கு எதிர்ல நிக்க ஒரு ஆள் வேணும்ல."

அப்படி ஒரு பதிலை அவர் கேட்டதே இல்லை. தனக்காக ஒருத்தி பழகுவதா என்று கூச்சமாயிற்று. "அதுக்கெல்லாம் பழகக்கூடாதும்மா" என்றார். அவள் வற்புறுத்தவில்லை. குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

மூன்று வாரம் அதே நினைப்பு. நாலாவது ஞாயிறு இரண்டு கம்புகளுக்கு எண்ணெய் பூசி எடுத்துக்கொண்டு, இந்திராணி வீட்டுக்குப் போய் சுசீலாவை விசாரித்தார்.

"அவளுக்கு நடு அந்தமான்ல ரங்கத்துக்கு டிரான்ஸ்ஃபர் அண்ணே. புதன்கிழமை போட்ல போயிட்டா. ஏதும் சொல்லணுமா?"

"இல்லம்மா. சும்மாதான்."

மைதானத்தில் தச்சர் ஜெகநாதன் காத்திருந்தார். தோள் பிடிப்பு விடவேண்டும் என்பதுதான் அவர் விருப்பம். அவருக்குக் கை சுழற்றும் பயிற்சி மட்டும் காட்டி அனுப்பினார். பிறகு ஒரு கம்பைப் புல்லில் வைத்துவிட்டு மற்றதைச் சுற்றினார். மழை பிடித்துக்கொண்டது. அவர் நிறுத்தவில்லை.

இன்னும் பதினோரு ஆண்டுகள் அங்கே கற்றுக்கொடுத்தார். முழு ஆட்டம் ஆட யாரும் வரவில்லை.