இடது சீட்டு விளக்கு

போன வாரம் மச்சானுடைய புதுக் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியில் வாங்கிய தர்பூசணியைப் பக்கத்து சீட்டில் வைத்ததுதான் தாமதம், டேஷ்போர்டில் சிவப்பாக ஓர் ஆள் படம் மினுக்கி, கிணிங் கிணிங் என்று கத்த ஆரம்பித்தது. பழத்துக்கு பெல்ட் போடச் சொல்கிறதாம். சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. வண்டியை ஓரங்கட்டிப் பழத்தைப் பின்னால் தூக்கி வைத்த பிறகுதான் மூச்சே வந்தது. மச்சானிடம் காரணம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் குயிலாப்பாளையத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் வயரிங் வேலை பார்த்தேன். எனக்குத் தெரியாத வயரே உலகத்தில் இல்லை என்று ஒரு திமிர். அந்தத் திமிரோடுதான் மெஹருன்னிசா அக்காவின் வண்டியைப் பார்க்க மரக்காணம் போனேன்.

வண்டி அவர் கணவர் சலீம் பாய் தன் கையால் கட்டியது. வளைகுடாவில் வேலை, லீவுக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தார். பழைய ஜீப்பின் சேஸிஸ், அதன் மேல் ஃபைபர் பாடி. டேஷ்போர்டு மட்டும்தான் பாக்கி. தேக்குப் பலகையில் ஆறு ஓட்டை போட்டு, வயர்களை இழுத்து வைத்துவிட்டுப் போனவர், அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். அடக்கமும் அங்கேயே. முகம் பார்க்கக்கூட அக்காவுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அதன் பிறகு வண்டி, சலீமின் அண்ணன் பஷீர் பாயின் உப்பு ஷெட்டில் கிடந்தது. ஆர்.சி. முடியும் நேரம். "எஃப்.சி.ல பாஸ் ஆனா நீயே வச்சுக்கம்மா. இல்லாட்டி எடைக்குப் போட்டுடலாம், எனக்கு எடம் வேணும்" என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். ஒரு தடவை காட்டி, மீட்டர் ஒன்றுகூட இல்லை என்று பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பியாயிற்று. இன்னும் ஒரே ஒரு தடவைதான்.

உப்பளத்து மத்தியானத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. ஆட்கள் காலையிலேயே வேலை முடித்துக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை, சத்தமே இருக்காது. ஷெட்டுக்குள் ஈரச் சாக்கு நாற்றம். தார்ப்பாய் பறக்காமலிருக்க இடது சீட்டில் ஓர் உப்பு மூட்டையை ஏற்றி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பாரம் வைக்கக் கல்லா கிடைக்கும்? மூட்டையை இறக்கியபோது, யாரோ உட்கார்ந்து இப்போதுதான் எழுந்து போன மாதிரி சீட்டில் பள்ளம்.

ஒவ்வொரு வயரிலும் சலீம் பாய் வெள்ளை டேப் ஒட்டி எழுதி வைத்திருந்தார்: டீசல், ஆயில், டெம்பரேச்சர். ஐந்து ஓட்டைக்கு ஐந்து மீட்டர் வந்துவிட்டது. ஆறாவது சின்ன ஓட்டை. அதன் வயரில் 'மெஹர்' என்று இருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், இடது சீட்டு ஸ்பாஞ்சுக்கு அடியில் ஒரு காலிங் பெல் ஸ்விட்ச்! ஒரு சிவப்பு எல்.ஈ.டி. மாட்டி அக்காவை உட்காரச் சொன்னேன். எரிந்தது. இறங்கினார், அணைந்தது.

"ஒரு தடவ கூனிமேட்டுக் கடையில, நான் ஏறிட்டேன்னு நெனச்சி அவுங்க பைக்க கெளப்பிட்டாங்க. மரக்காணம் வந்துதான் திரும்பிப் பாத்தாங்க. அதுக்குத்தான் இது" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

மூன்றாம் நாள் பிற்பகல் நான் ஈயம் பற்ற வைத்துக்கொண்டிருந்தேன். சீட்டில் யாரும் இல்லை. விளக்கு எரிந்தது.

உப்புதான் காரணம். மூட்டையிலிருந்து ஸ்விட்சுக்குள் உப்பு இறங்கியிருக்கிறது, கடல்காற்றில் ஈரம் ஏறினால் கரண்ட் கசியும், எல்.ஈ.டி.க்கு அந்தக் கசிவே போதும். டீ கொண்டு வந்த அக்காவிடம் இதையெல்லாம் விலாவாரியாக விளக்கினேன். "சரிப்பா" என்றார். கண்ணை விளக்கிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து கடல்காற்று வரும் நேரத்துக்கு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். விளக்கு எரியும். ரோட்டைப் பார்ப்பதுபோல் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு, நாத்தனார் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது, கிணற்றுத் தண்ணீர் கரிப்பது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போவார். நடுநடுவே நிறுத்துவார், பதில் சொல்ல இடம் விட்டு. நான் பலகைக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருப்பேன். பயமாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எஃப்.சி. நாளன்று அக்கா பின் சீட்டில் ஏறினார்.

"முன்னாடி வாங்கக்கா."

"வேணாம்ப்பா, எடம் இல்ல."

பெருமுக்கல் தாண்டும் வரை நான் இடது பக்கம் திரும்பவே இல்லை.

திண்டிவனத்துப் பக்கம் மைதானத்தில் சுள்ளென்று வெயில், காற்றில் ஈரம் துளிகூட இல்லை. கசிய வழியே கிடையாது. இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்து ஹாரன், இண்டிகேட்டர், மீட்டர் எல்லாம் பார்த்தார். சரியாக இருந்தன. ஆறாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது இன்னா லைட்டு?"

"சீட்ல ஆள் உக்காந்தா எரியும் சார்."

அவர் காலி சீட்டைப் பார்த்தார். "ஆளு எங்க?"

சீட்டை இரண்டு தட்டு தட்டினேன். விளக்கு அணையவில்லை.

"சும்மா எரியற லைட்ட வச்சிக்கினு பாஸ் போட முடியாதுப்பா. கட் பண்ணு."

அக்காவைப் பார்த்தேன். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, கடைசியில் சரி என்று தலையசைத்தார். வயரை வெட்டினேன். வண்டி பாஸ்.

வெளியே புளியமரத்தடியில், "அத ஒட்டிக் குடுத்துடு தம்பி" என்றார். ஒட்டியதோடு விட்டிருக்கலாம். தொழில் புத்தி விடுமா? சீட்டைத் தூக்கி, ஸ்விட்சைத் திறந்து, பூத்திருந்த உப்பையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோல் துணியால் துடைத்து, ஈரம் புகாமல் டேப் சுற்றி மாட்டினேன். நல்ல வேலை செய்துவிட்ட சந்தோஷம் வேறு.

ஷெட்டுக்குத் திரும்பியபோது கடல்காற்று நன்றாக ஏறியிருந்தது. அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து காத்திருந்தார். எரியவில்லை. இறங்கிச் சுற்றி வந்து இடது சீட்டில் உட்கார்ந்தார். எரிந்தது. எழுந்தார், அணைந்தது.

"நல்லா வேல செய்யுது தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் நானே போய் ஸ்விட்சில் உப்புத்தண்ணீர் ஊற்றினேன். இடைவிடாமல் எரிந்தது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். "இது அவுங்க இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மாதமே பஷீர் பாயைக் கூப்பிட்டு, வண்டியை எடைக்குப் போடச் சொன்னதும் அவர்தான்.

ஷெட் இருந்த இடம் இப்போது இறால் குட்டை. பஷீர் பாயும் இல்லை. அக்கா சென்னைக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். நான் மட்டும் அதே வயரிங் வேலையில் இருக்கிறேன். உப்புப் பூத்த ஸ்விட்ச் ஏதாவது வந்தால், திறப்பதற்கு முன்னால் வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்: "சுத்தம் பண்ணட்டுங்களா, இப்பிடியே வுட்டுடட்டுங்களா?"

ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எல்லாரும் சுத்தம் பண்ணத்தான் சொல்கிறார்கள்.